எடுத்துக் கொடுத்த வசனம்

மகனே,

உனக்குத் தொட்டில் கட்டிய சேலையின் சாயம்கூட இன்னும் வெளுக்கவில்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தை வளர்ந்த ஆளுக்குத்தான் எழுதுகிறேன். குழந்தையிடம் கொஞ்சிப் பேச எனக்கு வராது. நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை வந்திருக்கும், இங்கிலீஷ் பள்ளியில் படித்து முடித்திருப்பாய், அப்பன் சொல்வதில் பாதி தப்பு என்றும் நினைப்பாய். நினைத்துக்கொள். நேரில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறான் என்று கேட்டால், காரணம் உன் அம்மாதான். "நீங்க வாயத் தொறந்தா ரெண்டாவது பேச்சுலயே எதிர்ல இருக்கிறவன் மடையன்னு ஆயிடுதுங்க. எழுதுங்க. கையாவது கொஞ்சம் மெதுவாப் போகும்" என்றாள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. நம் லயத்து வரிசை வீடுகளில் யார் கேட்டாலும் உரக்கப் படித்துக் காட்டு.

எழுத வேண்டிய அவசியம் இதுதான். உன் தாய்மாமன் காத்தமுத்துவைப் பட்டாளத்துக்காரர்கள் நம் எஸ்டேட் கேட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போன கதையை நீ பல விதமாகக் கேட்கப் போகிறாய். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோனார் என்று ஒரு கதை ஓடுகிறது. வெள்ளைக்காரச் சிப்பாயின் துப்பாக்கியைப் பிடுங்கப் பார்த்தார் என்று ரிங்லெட் டவுன் கடைகளில் இன்னொரு கதை. அதைச் சொல்கிறவர்கள் அவரை வீரனாக்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் பொய். அவர் மாட்டிக்கொண்டது நான் நடத்திய இங்கிலீஷ் வகுப்பால். வகுப்பு எப்படி நடந்தது என்று தெரியாமல் அந்தக் காலை உனக்குப் புரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கோலாலம்பூரில் டிரேட் ஸ்கூலில் எஞ்சின் வேலை படித்துவிட்டு இந்த மலைக்கே திரும்பி வந்தவன். எஞ்சின் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். தேடினால் கிடைக்கும், சரி செய்தால் ஓடும். மனிதர்கள் அப்படி இல்லாதது எனக்கு எப்போதும் எரிச்சல். காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் கொண்டுவந்த பிறகு நம் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். போக வர ஒரே கேட்டு. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பை, கூடை, மடி எல்லாவற்றையும் அங்கே சோதிப்பார்கள். ஒரு கவளம் சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் காட்டுக்குப் போய்விடும் என்று சட்டம். வெறும் தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு ஜனங்கள் மலையேறினார்கள். பசிகூடப் பழகிவிட்டது. கேட்டில் நிற்கும் சிப்பாய்கள் கேட்பது என்ன என்று தெரியாததுதான் பழகவில்லை.

புல் வெட்டும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் அரிசி வைத்திருக்கிறாயா என்று சிப்பாய் கேட்டிருக்கிறான். மரியாதைக்குத் தலையாட்டினார். காட்டில் இருக்கிறவர்களுக்கா என்று கேட்டிருக்கிறான். அதற்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பையில் இருந்தது வெற்றிலைதான் என்று தெரிந்த பிறகும் மத்தியானம்வரை மழையில் உட்கார வைத்துவிட்டுத்தான் விட்டார்கள். எனக்கு வந்த கோபம் சிப்பாய்மேல் பாதி, பெரியவர்மேல் பாதி. நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசத் தெரிந்தால் முடிந்திருக்கும் விஷயம். வேலை முடிந்து ஊரடங்கு தொடங்குவதற்குள் கொஞ்ச நேரம் இருக்கும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை அப்போது காலியாகிவிடும். அங்கே வகுப்பை ஆரம்பித்தேன்.

புத்தகம் கிடையாது, சிலேட்டு கிடையாது. எஸ்டேட் பள்ளியில் நானும் கும்பலாக உட்கார்ந்து இங்கிலீஷ் பாடத்தைக் கத்தியவன்தான். அதில் இருந்த ஒரு கேள்வியையும் கோலாலம்பூரில் ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை. பேச்சு என்பது ஒன்றோடு ஒன்று பல் பொருந்திய இரண்டு சக்கரம். ஒன்றைத் தனியாகக் கழற்றி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் எதுவும் நகராது. அதனால் கொட்டகைக்குக் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினேன். அதுதான் கேட்டு. இந்தப் பக்கம் ஒருவர் சிப்பாய், அந்தப் பக்கம் ஒருவர் தொழிலாளி. சிப்பாய் கேட்க வேண்டும், தொழிலாளி சொல்ல வேண்டும். சொன்னால்தான் கயிறு தூக்கப்படும். எனக்கு இது மிகவும் எளிதாகத் தெரிந்தது. முதல் நாளே சிக்கல். தொழிலாளியாக நிற்க எல்லாரும் தயார், சிப்பாயாக நிற்க ஆள் இல்லை.

கங்காணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து கயிற்றருகே நின்றார். எதிரே நான் நிறுத்திவைத்த பெண் வாயைத் திறக்கவில்லை.

"ஓப்பன் தி பேக்னு சொல்லும்மா."

"எங்க மாமாவப் போயி எப்படிங்க அதட்டுறது?"

"இப்ப நீ சிப்பாய் லா. சிப்பாய்க்கு ஏது மாமா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஓப்பன் தி பேக்குங்க மாமா" என்றாள். கங்காணியே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா, மச்சான், அத்தை, பெரியப்பா என்று லயம் முழுக்க ஏதோ ஒரு முறை இருந்தது. முறை இருக்கிறவரிடம் பையைத் திற என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. கடைசியில் உன் அம்மா எழுந்தாள். நீ அப்போது அவள் வயிற்றில் இருந்தாய். குடையைத் துப்பாக்கி மாதிரித் தோளில் சாத்திக்கொண்டு அவள் கயிற்றடியில் போய் நின்றதும், அவளுடைய அண்ணன், அதுதான் உன் மாமா, "நெறமாசச் சிப்பாய இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

"வாய மூடு. ஹேண்ட்ஸ் அப்" என்றாள் உன் அம்மா. உன் மாமா இரண்டு கையையும் தூக்கினார். அதற்குப் பிறகு வகுப்பு ஓடத் தொடங்கியது.

உன் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கோயில் திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் அவருக்குத்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. நாடக வாத்தியார் சொல்லச் சொல்ல மொத்தத்தையும் காதால் வாங்கிவிடுவார். தன் வசனம் மட்டும் இல்லை, ராணி, மந்திரி, வாயில் காவலன் என்று எல்லாருடைய வசனமும் அவரிடம் இருக்கும். மேடையில் யாராவது மறந்துபோய் விழித்தால், ராஜா முகம் மாறாமல் பக்கத்தில் போய், உதடு அசையாமல் அவனுடைய வசனத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். அவரோடு நடிக்க எல்லாரும் ஆசைப்படுவது இதனால்தான். என் வகுப்பிலும் அவர்தான் முதல். எஞ்சினைக் கிளப்பும்போது எதை முதலில் திறப்பது, எதை அடுத்துத் திருப்புவது என்று ஒரு வரிசை உண்டு. அதே மாதிரி கேட்டில் பேசும் வசனத்துக்கும் நான் ஒரு வரிசை வைத்திருந்தேன். முதலில் தொழிலாளி குட் மார்னிங் சார் என்பார். சிப்பாய், வேர் ஆர் யூ கோயிங் என்று கேட்பான். போகும் இடத்தைச் சொன்னதும் ஓப்பன் தி பேக். திறந்து காட்டிச் சோறு இல்லை சார் என்றதும் ஹேண்ட்ஸ் அப், உடம்பைத் தடவிப் பார்ப்பதற்காக. வரிசை மாறாமல் பழகினால் பயத்திலும் மறக்காது என்பது என் கணக்கு. உன் மாமா ஒரே வாரத்தில் இரண்டு பக்கத்தையும் மனப்பாடமாக ஒப்பித்தார். பலே மச்சான் என்று நானே தட்டிக் கொடுத்தேன்.

அந்தக் காலை கேட்டில் நின்றது புதுப் பட்டாளம். உன் அம்மா வரிசையில் தன் அண்ணனுக்குப் பின்னால் நின்றதால் எல்லாவற்றையும் பார்த்தாள். சிப்பாய் சின்னப் பையன், மூக்கு குளிரில் சிவந்து கிடந்தது என்றாள். உன் மாமா கயிற்றடியில் நின்றதுபோலவே நிமிர்ந்து நின்று, குட் மார்னிங் சார் என்றார். சிப்பாய் கேட்டது நம் வசனத்தில் இல்லாத ஏதோ ஒன்று. பெயரைக் கேட்டானோ, அடையாள அட்டையைக் கேட்டானோ. உன் மாமா அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்தார். அவனும் அவருடைய பதிலுக்காகக் காத்திருந்தான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பையன் கண்ணைக் கொட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பாவம், புதுசு, மறந்துவிட்டான் என்று உன் மாமா முடிவு செய்துவிட்டார். ஒரு அடி முன்னால் போய், முகம் மாறாமல், மெதுவாக, "வேர் ஆர் யூ கோயிங்" என்று எடுத்துக் கொடுத்தார். சிப்பாய் திகைத்துப் பின்வாங்கினான். அப்போதும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை என்று நினைத்து இன்னும் கிட்டத்தில் போய் மிச்சத்தையும் சேர்த்துச் சொன்னார்: "ஓப்பன் தி பேக். ஹேண்ட்ஸ் அப்."

துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவனிடம் கையைத் தூக்கு என்று காதருகே போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. அவரைக் குப்புறத் தள்ளிக் கையைக் கட்டி லோரியில் ஏற்றிவிட்டார்கள்.

உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலைக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னதும் நான் கத்தினேன். "சிப்பாய் வசனத்தச் சொல்லுன்னு அவர்கிட்ட யார் சொன்னது? அவருக்குக் குடுத்தது தொழிலாளி பார்ட்டு."

"மறந்து நிக்கிறவனப் பாத்தா எங்கண்ணனுக்குப் பொறுக்காதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

எஸ்டேட் மேனேஜர் துரையிடம் போனேன். பட்டாளத்தின் விஷயத்தில் தான் தலையிட முடியாது என்றார். நீ போய் நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று நின்றால் உன்னையும் சேர்த்து வைத்துக்கொள்வார்கள், விசாரணை இல்லாமல் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைக்கச் சட்டம் இருக்கிறது, அப்புறம் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நடப்பதைச் சொன்னார். உன் மாமா பிறந்தது இந்த மலையில். இந்தியாவில் அவரை வா என்று கூப்பிட ஒரு ஆள் கிடையாது. வீட்டுக்கு வந்து துரை சொன்னதை உன் அம்மாவிடம் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "என்னக் கேக்காதீங்க. எங்கண்ணன் பேசுனது ஒங்க இங்கிலீசு. நீங்களே போயிப் பதில் சொல்லுங்க" என்றாள். காய்கறி லோரி ஒன்றில் தொற்றிக்கொண்டு ரிங்லெட்டுக்குப் பக்கத்தில் இருந்த கேம்புக்குப் போனேன்.

கேப்டன் கூடாரத்துக்குள் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கேள்விகள் வந்தன.

"ஹேண்ட்ஸ் அப் என்று சொல்லத் தொழிலாளிகளுக்குக் கற்றுக் கொடுத்தாயா?"

"சொல்ல இல்லை. கேட்டால் புரிந்துகொள்ள."

"அனுமதி யார் கொடுத்தது?"

"யாரும் இல்லை. இங்கிலீஷ் பேசுவதற்கு அனுமதி வேண்டும் என்று எனக்குத் தெரியாது."

இந்த மாதிரிப் பதில்தான் என்னுடைய வியாதி. அவர் முகம் இறுகியது. கூத்து, நாடகம், எடுத்துக் கொடுப்பது என்று நான் விளக்கியதை அவர் நம்பவில்லை. கதை நன்றாக இருக்கிறது என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "சோதித்துப் பாருங்கள். அதே சிப்பாயைக் கூப்பிட்டு எங்கள் வகுப்பு வசனத்தைச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் அவன் மறந்த மாதிரி நிற்கட்டும். என் மச்சான் எடுத்துக் கொடுப்பார்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். சரி, ஆனால் உன் மச்சானிடம் நீ தமிழில் ஒரு வார்த்தை பேசினாலும் இரண்டு பேருக்கும் முடிந்தது என்றார்.

உன் மாமாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சட்டையில் சேறு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பிறகு என்னையும் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து வாடியது. அப்போதுதான் நான் செய்து வைத்திருப்பது எனக்கே உறைத்தது. அந்த வசனம்தான் தன்னை இங்கே கொண்டுவந்தது என்று அவருக்குத் தெரியும். புத்தி இருக்கிற எவனும் அதை இன்னொரு தரம் வாயில் எடுக்க மாட்டான். அவர் வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் பொய்யன், அவர் கம்யூனிஸ்டுக்காரர். எடுத்துக் கொடுங்கள் மச்சான் என்று கண்ணால்கூடக் காட்ட முடியாது, கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தைத்தான்.

அந்தப் பையன் எதிரே வந்து நின்றான். உன் மாமா பழக்கத்தில் குட் மார்னிங் சார் என்றார். வேர் ஆர் யூ கோயிங் என்றான். மலைக்குப் போகிறேன் என்று சொன்னார். பையன், "ஓப்பன்" என்று ஆரம்பித்து, கேப்டன் சொல்லியிருந்தபடி அப்படியே நின்றான். கை பாதியில் நீட்டியபடி இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவனுக்கும் பயம்தான், நடிக்கத் தெரியாதவன். நிஜமாகவே மேடையில் மறந்து நிற்கிறவன் மாதிரி காது நுனிவரை சிவந்துவிட்டான். உன் மாமா தரையைப் பார்த்தார். கூடாரத்தின் மேல் மழை சொட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பையனைப் பார்த்தார். மறுபடி தரையைப் பார்த்தார். முடிந்தது என்று நான் நினைத்தேன். பிறகு, உதடு அசையாமல், மேடையில் எடுத்துக் கொடுக்கும் அதே தாழ்ந்த குரலில், "ஓப்பன் தி பேக்" என்று வந்தது.

கேப்டன் எழுந்து வந்தார். என்னைத் தாண்டி உன் மாமாவிடம் போனார். "ஒய் டிட் யூ ஹெல்ப் ஹிம்?" என்று கேட்டார். அவனுக்கு ஏன் உதவினாய் என்கிறார். இது என் பாடத்தில் இல்லை. ஏன் என்று தொடங்கும் ஒரு கேள்வியும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. கேட்டில் சிப்பாய் ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டான் என்று விட்டுவிட்டேன். நான் வாயைத் திறந்தேன். கேப்டன் என் பக்கம் கையை நீட்டி நிறுத்தினார். உன் மாமா அவர் முகத்தையே பார்த்தார். வரிசையில் அடுத்து என்ன என்று தேடவில்லை, அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என்ன கேட்கப்படுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பையனைக் காட்டி, தனக்குத் தெரிந்த துண்டு துண்டான இங்கிலீஷை ஒன்றாக வைத்துச் சொன்னார்: "ஹி ஃபர்கெட். ஐ சாரி ஹிம்."

அவன் மறந்துவிட்டான், எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கட்டிப் போட்டவர்களின் கூடாரத்தில், தன்னைக் குப்புறத் தள்ளியவனைப் பற்றி அவர் அப்படிச் சொன்னார். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். கேப்டன் என்னிடம் திரும்பி, கூட்டம் சேர்த்து வகுப்பு நடத்துவது இன்றோடு நிற்க வேண்டும், இவனைக் கூட்டிக்கொண்டு போ என்றார்.

திரும்பி வரும்போது முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். லோரி வளைவில் திரும்பும்போது உன் மாமா கூடையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மாப்ள, கடைசியா ஒண்ணு சொன்னேனே, அது நம்ம பாடத்துல இல்லியே. சரியாச் சொன்னனா?"

உனக்கு என்னைப் பற்றித் தெரிந்திருக்கும். ஒரு போல்ட் கால் சுற்று தளர்ந்திருந்தால்கூட எனக்குக் கை அரிக்கும். வகுப்பில் யாராவது தப்பாகச் சொன்னால் முடிப்பதற்குள் நிறுத்தித் திருத்துவேன். அன்றைக்கு, "சரியாச் சொன்னீங்க மச்சான்" என்றேன். மரியாதைக்காகச் சொன்னது இல்லை. அந்த மலையில் நான் கேட்ட இங்கிலீஷில் கேள்விக்குப் பிறந்த முதல் பதில் அதுதான். அதற்கு முன் நாங்கள் பேசியதெல்லாம் ஒப்பித்தது.

கொட்டகையில் இப்போது வகுப்பு இல்லை. ஆனால் தேயிலை வரிசையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று கொழுந்து பறிக்கும்போது பேசிக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஒருத்தி எதை வேண்டுமானாலும் கேட்பாள், வரிசை கிடையாது. மற்றவள் கேட்டதற்குத்தான் சொல்ல வேண்டும். புரியவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்பதைத்தான் எல்லாருக்கும் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன். உன் அம்மா உன்னை ஏணையில் போட்டுவிட்டு, நீ பதில் சொல்வாய் என்கிற மாதிரி உன்னிடமும் ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கிறாள். உன்னை இங்கிலீஷ் பள்ளியில் சேர்ப்பேன், அதில் மாற்றமில்லை. நீ தப்பில்லாமல் பேசுவாய். என்னிடம் தப்பைக் கண்டுபிடித்தால் முகத்துக்கு நேரே சொல், நானும் சண்டை போடுவேன். ஆனால் உன் மாமா வீட்டுக்கு வந்து, உன் படிப்பைப் பார்த்துப் பெருமைப்பட்டு, இங்கிலீஷில் உன்னிடம் ஏதாவது கேட்பார். அவர் என்ன கேட்கிறார் என்று கவனித்துப் பதில் சொல். அவரைத் திருத்தாதே.

உன் அப்பா